கொப்பியில் குறைந்த இரண்டு பக்கங்கள்

என் விருந்தாளிக் கொப்பியைப் பற்றிச் சென்ற வாரம் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகி கடிதம் போட்டுவிட்டார். "அந்தக் கொப்பி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? முழுதாக இருக்கிறதா?"

முதல் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம். இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த வாரத்து இடம் முழுவதும் வேண்டும்.

குறட்டை பலம்

பாலத்துக்கு இந்தப் பக்கம், வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் ஐந்து பேரும் வேனை விட்டு இறங்கி வரிசையாக நிற்கிறோம். எதிரே மண்மூட்டை அடுக்கிய சென்றி, படையினரின் காவலரண். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கொப்பியை இரண்டு கையாலும் பிடித்து, தேவாரம் படிக்கிற குரலில் வாசிக்கிறார்.

"மூண்டாம் அறை. சுதன். குறட்டை பலம். ரமணிக்குக் காதில வைக்கப் பஞ்சு குடுக்கணும்."

சுதனும் ரமணியும் லண்டனிலிருந்து வந்த புதுச்சோடி. சுதன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ரமணி வாவியைப் பார்த்தாள்.

பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் சொல்ல, பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி சிரித்துவிட்டார். துவக்கோடு நின்ற பையன்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாடா, தப்பினோம் என்று நினைத்தேன்.

அடுத்த பக்கம் என்ன என்று எனக்கு ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பாயோடு ஒட்டுகிற ஊர்

கொஞ்சம் பொறுங்கள். கொப்பி எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போனால் என்னைக் கள்ளி என்று நினைத்துவிடுவீர்கள்.

மட்டக்களப்புக்குப் போகிறவனுக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒரு புத்தி சொல்லி அனுப்புவார்கள். "கவனம், அவங்கள் பாயோட ஒட்ட வச்சிருவாங்கள்." மந்திரமாம், வசியமாம். வேலை மாற்றலாகி வந்த எத்தனையோ உத்தியோகத்தர் இங்கே கல்யாணம் முடித்துப் பெண் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள் அல்லவா, அந்த எரிச்சலில் கட்டிய கதை.

மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வந்தவனுக்குப் பன்பாயை விரித்து, இரி என்று சொல்லி, அவனுக்கு எது தோதோ அதைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தால் எவன் எழும்புவான்?

என் தொழிலே அதில்தான் ஓடியது. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு வாவிக் கரையில் இருந்தது. என் வீட்டுக்காரர் குவைத்தில். சண்டை கொஞ்சம் ஓய்ந்து பாதைகள் திறந்த அந்தச் சில வருடங்களில் நான்கு அறையை வெள்ளையடித்து, வருகிறவர்களைத் தங்க வைத்து, ஊர் காட்டவும் தொடங்கினேன்.

வேன் சலீம் காக்காவுடையது. காத்தான்குடிக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அவரும் நானும் கூட்டு வைத்தபோது தமிழ், முஸ்லிம் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் புருவத்தை உயர்த்தினார்கள். காலம் அப்படி. "புருவத்தால டயர் பஞ்சராகாது தங்கச்சி" என்பார் காக்கா.

மீன் பாடும் வாவி என்று பேர் பெற்ற ஊர் என்பதால், வருகிறவர்களில் மீன் பாடுமா என்று கேட்காத ஆள் இல்லை. பாடும், ஆனால் உங்கள் வசதிக்குப் பாடாது என்று சொல்லிவிடுவேன். மீனை நம்பித் தொழில் செய்ய முடியாது. நான் நம்பியது கொப்பியை.

யாருக்குச் சீனி வேண்டாம், யாருக்கு வலது காது கேட்காது, எவரை வேனில் எந்தப் பக்கம் இருத்த வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஆறரை அடி வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கட்டிலின் நீளம் போதாமல் கால் வெளியே தொங்கியது. மறுநாள் அதே உயரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தலையணையும் வைத்தேன். அந்த மனிசன் அறை வாசலில் நின்று என்னைக் கும்பிட்டார். ஊரை விட்டுப் போய்ப் பல வருடம் கழித்து வருகிறவர்களுக்கு அவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைப்பேன். சொல்ல மாட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவர்களாகவே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் கெட்டிக்காரி என்று நானே சொல்லக் கூடாது. சலீம் காக்கா சொல்லுவார். அவர் இப்போது பக்கத்தில் இல்லாதபடியால் நானே சொல்கிறேன்.

ஏழு நாள் முட்டை

கெட்டிக்காரிக்கும் ஒரு நாள் சறுக்கும். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் முதல் நாள் காலையில் இரண்டு முட்டைப் பொரியல் சாப்பிட்டார். உடனே கொப்பியில் எழுதினேன்: முட்டை விருப்பம். ஏழு நாளும் வைத்தேன். ஏழு நாளும் சாப்பிட்டார்.

போகிற அன்று வேனில் ஏறி இருந்துகொண்டு, "ராசம், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே? முட்டை எனக்கு ஆகாது. முதல் நாள் நீங்க ஆசையா வச்சதால சாப்பிட்டன்" என்றார். சலீம் காக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

நானும் சிரித்தேனே தவிர, அதிலிருந்து ஒன்றும் படிக்கவில்லை. படித்திருந்தால் பாலத்தடியில் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

ஒருவருமில்லை என்றவர்

சாமித்தம்பி ஐயா கனடாவிலிருந்து தனியே வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பென்சில்போல நேரான மனிசன், இஸ்திரி போட்ட சட்டை, அளந்த பேச்சு. எட்டு நாள் தங்குவதாகச் சொன்னார். குளம் பார்க்க வேண்டும், வயல் பார்க்க வேண்டும் என்றார்.

"சொந்த ஊர் ஏதும்?" என்றேன்.

"வெல்லாவெளிதான். ஆனா இப்ப அங்க எனக்கு ஒருத்தருமில்ல."

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பேரோடு விடமாட்டோம். எந்த ஊர், என்ன குடி என்று கேட்போம். தாய்வழியாக வருகிற குடி அது. அது தெரிந்தால் தாய் யார், சகோதரி யார் என்று அரை நாளில் பிடித்துவிடலாம். தேத்தண்ணி கொடுக்கிற சாக்கில் கேட்டேன். மனிசன் யோசிக்காமல் சொல்லிவிட்டார். இருபது வருடம் பனியில் கிடந்தாலும் குடியைக் கேட்டால் நாக்கு தானாகப் பதில் சொல்லும்.

அன்று மத்தியானம் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தவர், "அக்கா... அக்கா..." என்று இரண்டு தரம் கூப்பிட்டார். சின்னப் பிள்ளையின் குரல். தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே திரும்பிவிட்டேன்.

ஒருவருமில்லையாம். பொய்!

மூன்றாம் நாள், தயிர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சலீம் காக்காவோடு வெல்லாவெளிக்குப் போனேன். வள்ளியம்மை அக்காவைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. சாமித்தம்பி ஐயாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அக்கா. வளவில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு கிழமையில வாறன் அக்கா எண்டு சொல்லிட்டுப் போனவன். கொழும்புக்குப் போறதாத்தான் சொன்னவன். மறுகா கனடாவாம். எத்தின ரெண்டு கிழமை போயிட்டு, நீயே கணக்குப் பாரு."

கடிதம் போகாத காலம், வந்தாலும் சேராத காலம். அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெறுங்கதிரையைப் போட்டு வைத்தாராம். அது யார் யார் வாயாலோ கடல் கடந்து தம்பியின் காதுக்கும் போயிருக்கிறது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வருவது? தம்பிக்கு வெட்கம். அக்காவுக்கு ரோசம்.

"புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இஞ்ச கூட்டிவரட்டா?" என்றேன்.

"வந்தா வரட்டும். ஆனா ஒண்டுகா, நான் கூப்பிட்டனான் எண்டு மட்டும் அவனிட்டச் சொல்லிராத."

அன்று வேனில் இருந்தபடியே இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்று தம்பிக்கு, அடுத்தது அக்காவுக்கு. சாப்பாடு அவர் வீட்டில் என்றால் வீட்டுக்காரியின் தோதும் தெரிந்திருக்க வேண்டுமே. கீழே அக்கா வீட்டுக்குப் போகிற வழியையும் படமாகக் கீறினேன்: பாலம், மதகு, மருத மரம், கிணறு.

சண்டை முழுதாக ஓயாத காலத்தில், சென்றி தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குப் படம் கீறிய ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

பாலத்தடியில்

புதன்கிழமை காலையில் வேன் புறப்பட்டது. காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் தாண்டி, வாவியைக் கடக்கிற பாலத்துக்கு வந்தோம். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஒரு அரசாங்கம், அப்பால் படுவான்கரையில் இயக்கத்தின் அரசாங்கம் இன்னொன்று. நடுவில் இந்தச் சென்றி. போகிறவர்கள் பேரைப் பதிந்துவிட்டுப் போய், பொழுதுபடுவதற்குள் திரும்ப வேண்டும்.

சாமித்தம்பி ஐயாவிடம் குளமும் வயலும் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

வேனைச் சோதித்த பையன் கொப்பியை எடுத்தான். புரட்டினான். படத்தில் கண் நின்றது. ஓடிப்போய் அதிகாரியிடம் கொடுத்தான். அதிகாரி பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். மீதி உங்களுக்குத் தெரியும். குறட்டை வரைக்கும் சொல்லிவிட்டேன்.

பொலிஸ்காரர் பக்கத்தைப் புரட்டினார்.

"நாலாம் அறை. சாமித்தம்பி ஐயா. கனடா. சீனி இல்ல. மத்தியானம் படுத்தா அக்கா அக்கா எண்டு கூப்பிடுறார். வெல்லாவெளியில ஒருத்தருமில்ல எண்டு சொல்றார். பொய். புதன்கிழமை அவருக்குத் தெரியாமக் கூட்டிப் போகணும்."

கடைசி வரியை வாசித்ததும் பொலிஸ்காரரின் குரல் இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெல்லச் சொன்னார். அதிகாரியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

நீங்களே யோசியுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற ஒரு வயோதிபர். அவருக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று என் கையெழுத்து. கீழே வழிப்படம். ஆள் கடத்தல் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நாளில் இதைவிடக் குறைந்த காரணத்துக்கெல்லாம் ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சலீம் காக்காவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "என்ட அல்லாவே" என்றார். "தங்கச்சி, என்ட வீட்டில நாலு புள்ளையள்."

அதிகாரி எங்களை ஒரு பக்கமாக நிற்கச் சொல்லிவிட்டு, சாமித்தம்பி ஐயாவுக்கு மட்டும் ஒரு கதிரை போடச் சொன்னார். ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். நீங்கள் விரும்பித்தான் இவர்களோடு போகிறீர்களா? இல்லையென்றால் பயப்படாமல் சொல்லுங்கள், உங்களைப் பத்திரமாக அனுப்பி வைக்கிறோம், இவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்த மனிசன் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். எனக்கு அவ்வளவு கோபமான முகத்தை அதற்கு முன் பார்த்த ஞாபகமில்லை.

"என்னைப் பொய்யன் எண்டு எழுதி வச்சிருக்கிறீங்க."

"ஐயா..."

"என்ட நித்திரையையும் எழுதி வச்சிருக்கிறீங்க. உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? நான் கேட்டனா, என்னைக் கூட்டிப் போங்க எண்டு?"

"இல்ல ஐயா. கேக்கல்ல."

"நான் வந்த நாள் தொட்டு யோசிச்சிக்கிட்டிருக்கன், போறதா வேணாமா எண்டு. அது என்ட யோசனை. அதை எடுத்து நீங்க முடிவாக்கிட்டீங்க. வேனைத் திருப்புங்க."

ஏழு நாள் முட்டை தின்ற பெரியவரின் முகம் வந்து போனது. அவராவது சிரித்தார்.

அவர் அதிகாரியிடம் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். காக்காவும் நானும் உள்ளே. வெல்லாவெளியில் ஒரு மனிசி காலையிலிருந்து உலை வைத்துக் காத்திருப்பார், அதுவும் அவ்வளவுதான். அந்த ஒரு கிழமைக்குள் விமானம். அதற்குப் பிறகு பாதை திறந்திருக்குமா, யார் உயிரோடு இருப்பார்கள், எவருக்குத் தெரியும்?

ஆனாலும் வாய் என்னைக் கைவிட்டதில்லை. பொலிஸ்காரரிடம் போனேன்.

"ஐயா, அடுத்த பக்கமும் இவர்ர விசயந்தான். ஆனா நீங்க வாசிக்க வேணாம். கொப்பியை அவரிட்டக் குடுங்க. அவர் வாசிக்கட்டும். மறுகா உங்கட சட்டம்."

பொலிஸ்காரர் அந்தப் பக்கத்தின் மேல் கண்ணை ஓட்டினார். கொப்பியைச் சாமித்தம்பி ஐயாவின் மடியில் வைத்தார்.

எந்தக் கண்?

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான். இன்றும் எனக்கு மனப்பாடம்.

"வள்ளியம்மை அக்கா. வெல்லாவெளி. வெத்திலை போடுவா, புகையிலை வேணாம். இடக் கண் பார்வையில்ல. சூடடிக்கக்குள்ள பதர் பட்டு, ஆசுப்பத்திரிக்குப் போகப் பாதை பூட்டிக் கிடந்து, அப்பிடியே போயிட்டு. இடப்பக்கமாப் போய் நிண்டாத் திடுக்கிடுறா. எப்பவும் வலப்பக்கமா வரணும். புதன்கிழமை தம்பிக்கு ஓட்டி மீன் ஆக்குவாவாம், மாங்காய் போட்டு."

அவர் ஒரு தரம் வாசித்தார். மறுபடி மேலேயிருந்து வாசித்தார். விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.

"எந்தக் கண்?" என்றார்.

எழுதித்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "இடக் கண் ஐயா."

"எப்ப?"

"ஆறேழு வருசம் எண்டு சொன்னா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். மாங்காய் போட்ட ஓட்டி மீனில் கண் படவில்லையோ என்று நினைத்தேன். பட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தனக்குத்தானே, "அவ மறக்கல்ல" என்றார்.

பிறகு எழும்பி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு விளங்கிய மட்டில் அது இதுதான்: "நான் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். நான்தான் இவர்களைக் கூட்டிப் போகச் சொன்னேன்."

"தெரியாமல் என்று எழுதியிருக்கிறதே?"

"அக்காவுக்குத் தெரியாமல். அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியாது."

இரண்டாவது பொய். இந்த முறை நான் அதைக் கொப்பியில் எழுதவில்லை.

அதிகாரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வழிப்படத்தை விரலால் தட்டி, இனிமேல் இப்படி எதையும் கீறக் கூடாது என்று கண்டித்தார். பேர்களைப் பதிந்து, ஐந்து பேர் என்று எழுதி, வழிமறித்த தடியைத் தூக்கச் சொன்னார்.

பாலம் தாண்டும்வரை சலீம் காக்கா மூச்சு விட்டாரோ தெரியாது. அந்தக் கரையில் சக்கரம் பட்டதும், "தங்கச்சி, அடுத்த கொப்பி வாங்கினா நானே கிழிச்சி வாவியில போடுவன்" என்றார்.

வயல் வந்தது. வட்டை வட்டையாகக் கதிர் முற்றிக் கிடந்தது. சாமித்தம்பி ஐயா அதைப் பார்க்கவில்லை. மருத மரம் வந்தபோதுதான், "புள்ள, உன்ட கொப்பியில இனி என்ட பேர் இருக்கப்படாது" என்றார்.

'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

"கிழிச்சித் தாறன் ஐயா."

வலப்பக்கம்

வள்ளியம்மை அக்கா வளவில், குசினிக்குப் பக்கத்து மாமர நிழலில் பலகை போட்டு இருந்தார். வீட்டு வாசலில் புதுப் பன்பாய் விரித்திருந்தது. வேன் சத்தம் கேட்டிருக்கும். ஆனால் திரும்பவில்லை. ரோசக்காரி, திரும்புவாரா?

சாமித்தம்பி ஐயா வேலிக் கடப்படியில் இறங்கினார். அங்கிருந்து மாமரத்துக்கு நேர்வழி இருபது அடிகூட இல்லை. இரண்டு அடி வைத்தார். நின்றார். அக்கா இருந்த இருப்பைப் பார்த்தார்.

அந்த நேர்வழி அக்காவின் இடப்பக்கமாகப் போகிறது.

மனிசன் திரும்பி வெளியே வந்தார். வேலியைச் சுற்றிக் கிறுகி, சேறாகக் கிடந்த கிணற்றடியால், முள்ளுக்கட்டை விலக்கிக்கொண்டு போனார். இஸ்திரி போட்ட சட்டை முள்ளில் இழுபட்டது. சப்பாத்துச் சேற்றில் புதைந்தது. நாங்கள் நாலு பேரும் வேனடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரமணி சுதனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குசினியைச் சுற்றி வந்து, அக்காவின் வலப்பக்கமாக, மூன்று அடி தள்ளி நின்றார்.

வள்ளியம்மை அக்கா மெல்லத் தலையைத் திருப்பினார். சேறு பிடித்த சப்பாத்திலிருந்து தொடங்கி முகம்வரைக்கும் பார்த்தார். ஆற அமரத்தான் பார்த்தார்.

"என்ன மனே," என்றார், "ரெண்டு கிழமை முடிஞ்சிதா?"

"ஓம் அக்கா. வந்திட்டன்."

பிறகு நடந்ததை எழுத மாட்டேன். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சலீம் காக்கா வேனின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தார்.

நாலு பேர்

ஓட்டி மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்படி ஒரு ஆணத்தை நான் ஆக்கியதில்லை. இனி ஆக்கப்போவதும் இல்லை.

வெயில் சாயத் தொடங்கியதும் புறப்படலாமா என்று கேட்டேன். சாமித்தம்பி ஐயா பாயில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து இருந்தார். வாயில் வெற்றிலை. அக்கா மடித்துக் கொடுத்தது.

"நான் வரல்ல புள்ள."

"ஐயா! அங்க அஞ்சு பேரெண்டு எழுதிக் கிடக்கு. நாலு பேராத் திரும்பிப் போனா எங்களை விடுவாங்களா?"

"கொப்பியைத் தா."

கொடுத்தேன். அவருடைய பக்கத்தை அளவாகக் கிழித்தார். வெறுமையாகக் கிடந்த பின்பக்கத்தில் ஆங்கிலத்தில், தன் சொந்த விருப்பத்தில் அக்கா வீட்டில் தங்குவதாக எழுதி, கடவுச்சீட்டு இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு என்னிடம் கேட்டுத்தான் அடுத்ததைச் செய்தார். இதைச் சொல்ல வேண்டும், கேட்டார். "அக்காட பக்கத்தை நான் வச்சிக்கொள்ளட்டா?"

அதையும் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாலத்தடியில் காலையில் நின்ற அதே அதிகாரி. தலைகளை எண்ணினார். எங்கே ஐந்தாவது ஆள் என்று கேட்டார். கடதாசியை நீட்டினேன். பொலிஸ்காரரும் எட்டிப் பார்த்தார்.

"என்ன நடந்த?" என்று என்னைக் கேட்டார்.

"என்ன சொல்ல ஐயா, பாயோட ஒட்டிட்டார்."

பொலிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொன்னாரோ தெரியாது, அதிகாரியும் சிரித்தார். கடதாசியை ஒரு கோப்பில் குத்தி வைத்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

சாமித்தம்பி ஐயா விமானத்தைத் தள்ளிப்போட்டார். வெல்லாவெளியில் சரியாக இரண்டு கிழமை இருந்தார். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காக்கா போய்க் கூட்டிவந்தபோது அந்த இஸ்திரிச் சட்டையைக் காணோம். சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

அதற்குப் பிறகும் நான் கொப்பி எழுதினேன். விடவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் வந்த அன்றே அவரவர் பக்கத்தை அவரிடமே காட்டி, இது சரியா, இது இருக்கலாமா என்று கேட்டுவிடுவேன். முட்டையையும் கேட்டுத்தான் வைத்தேன்.

ஆகவே, கடிதம் எழுதிய தங்கச்சிக்கு: கொப்பி இருக்கிறது. இரண்டு பக்கம் குறைவு. ஒன்று கனடாவில் ஒரு சட்டைப்பையில் இருந்தது. இப்போது எங்கே என்று தெரியாது. மற்றது அந்தச் சென்றியின் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். யாராவது எடுத்துத் திருப்பிப் பார்த்தால், நாலாம் அறைக்காரருக்குச் சீனி இல்லை என்பதையும், தூக்கத்தில் அவர் யாரைக் கூப்பிட்டார் என்பதையும் தெரிந்துகொள்வார்கள்.